ஸ்பாம்அசாசினுக்கு எஸ்இலினக்ஸ் பூட்டு: பாலிசி எவ்வளவு தூரம் தாங்குகிறது?

ஸ்பாம் வடிகட்டியின் பிழைப்பே முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் குப்பையைப் பிரித்துப் பார்ப்பதுதான். தலைப்பு, உடல், இணைப்பு, அதற்குள் இருக்கும் சுட்டி என்று எல்லாவற்றையும் கிளறுகிறது. ஸ்பாம்அசாசின் என்ற வடிகட்டியின் டீமனான (பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல்) ஸ்பாம்டி பெரும்பாலும் ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள பயனராக) தொடங்கி, ஒவ்வொரு அஞ்சலுக்கும் அந்தந்தப் பயனராக இறங்குகிறது. எதிரி எழுதிய சரக்கை ரூட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கும் ஒரு பெர்ல் நிரலை லினக்ஸின் வழக்கமான அனுமதிகளை மட்டும் நம்பி விடுவது துணிச்சல்தான்.

வெறும் கற்பனைப் பயமும் இல்லை இது. சிவிஇ-2020-1946 என்ற ஓட்டை 3.4.5 பதிப்பில்தான் அடைக்கப்பட்டது. அதற்கு முந்தைய பதிப்புகளில், விஷமமாக எழுதிய ஒரு விதிக் கோப்பே சத்தமில்லாமல் கணினிக் கட்டளைகளை ஓட்டிவிட முடியும். எங்கிருந்தோ விதிகளை இறக்கிப் போட்டுக்கொள்ளும் சர்வர்களுக்கு இது நேரடி ஆபத்து. இந்த மாதிரி நேரத்தில்தான் எஸ்இலினக்ஸ் தரும் கட்டாய அணுகல் கட்டுப்பாடு கைகொடுக்கும். நிரல் ரூட்டாகவே இருந்தாலும், கர்னல் போட்ட எல்லைக்குள்தான் அது நடமாட முடியும்.

ஃபெடோரா, ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ், அவற்றின் வழிவந்த வினியோகங்கள் ஆகியவற்றில் எஸ்இலினக்ஸோடு சேர்ந்தே வரும் ஸ்பாம்அசாசின் பாலிசிதான் (எந்த நிரல் எதைத் தொடலாம் என்ற விதித் தொகுப்பு) இந்த மதிப்பீட்டின் பொருள். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: பாலிசி நல்லது, நம்பி எப்போதும் என்ஃபோர்சிங் முறையில் (மீறலைத் தடுக்கும் நிலை) ஓட்டலாம், ஐந்துக்கு நாலு மதிப்பெண் தாராளமாகத் தரலாம். அந்த ஒரு மதிப்பெண் குறைவது ஆவணத்துக்காகவும், பூலியன்களுக்கு (பாலிசியின் ஆன்/ஆஃப் சுவிட்சுகள்) வைத்த பெயர்களுக்காகவும். "எஸ்இலினக்ஸ் வேலை செய்யவிடவில்லை" என்று வரும் புகார்களில் பெரும்பகுதி பாலிசியின் குற்றமே இல்லை. கோப்பு தப்பான இடத்தில் இருக்கும், அல்லது சரியான இடத்தில் தப்பான லேபிளோடு (எஸ்இலினக்ஸ் ஒட்டும் வகைப் பெயர்) இருக்கும்.

எது எங்கே இருக்க வேண்டும்

டீமன் ஓடும் டொமைனின் (ஓடும் நிரலுக்கு எஸ்இலினக்ஸ் தரும் வகை) பெயர் ஸ்பாம்டி_டி. அதற்கு அஞ்சலைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஸ்பாம்சி, பேய்ஸுக்கு (பழைய அஞ்சல்களிலிருந்து கற்று ஸ்பாமைக் கணிக்கும் பகுதி) பயிற்சி தரும் எஸ்ஏ-லேர்ன், கையால் ஓட்டும் ஸ்பாம்அசாசின் கட்டளை ஆகிய மூன்றுக்கும் ஸ்பாம்சி_எக்ஸெக்_டி என்ற லேபிள். அவற்றின் டொமைன் ஸ்பாம்சி_டி. விதிகளைப் புதுப்பிக்கும் எஸ்ஏ-அப்டேட்டுக்குத் தனியாக ஸ்பாம்டி_அப்டேட்_டி. வலைக்குப் போய்க் கோப்பு இறக்கும் வேலையையும் அஞ்சலைப் பிரிக்கும் வேலையையும் ஒரே டொமைனில் கட்டிப்போடாமல் பிரித்து வைத்தது பாலிசியை எழுதியவர்களின் நல்ல முடிவு.

கோப்புகள் பக்கம் வந்தால், /வார்/லிப்/ஸ்பாம்அசாசின் அடைவுக்கு ஸ்பாம்டி_வார்_லிப்_டி. அதற்குள் இருக்கும் கம்பைல்டு என்ற துணை அடைவுக்கு மட்டும் ஸ்பாம்டி_கம்பைல்டு_டி (இதைப் பற்றிக் கீழே தனியாகப் பேச வேண்டியிருக்கிறது). பயனரின் வீட்டு அடைவிலுள்ள .ஸ்பாம்அசாசின் கோப்புறைக்கு ஸ்பாம்சி_ஹோம்_டி. தனி லாக் கோப்பு வைத்தால் ஸ்பாம்டி_லாக்_டி. போர்ட் என்றால் டிசிபி 783, அதோடு 10026, 10027 இரண்டும் ஸ்பாம்டி_போர்ட்_டி என்ற பெயரில் ஏற்கெனவே பதிவாகியிருக்கின்றன. ஸ்பாம்டி இயல்பாகவே 783-இல் காது வைப்பதால், போர்ட்டை மாற்றாதவரைக்கும் அந்தப் பக்கம் போகவே தேவையில்லை.

இந்த வரைபடத்தை மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பாலிசியை எழுதியவர்கள் எந்த இடத்தில் எதை எதிர்பார்த்தார்களோ, அங்கேயே அதை வைத்தால் ஒரு விதிகூடச் சேர்க்காமல் சர்வர் ஓடும். இடத்தை மாற்றியே ஆக வேண்டும் என்றால் லேபிளையும் கூடவே கொண்டுபோக வேண்டும்.

தொடங்கும் முன் மூன்று பொட்டலங்களை நிறுவிக்கொள்வது நல்லது: பாலிசி அமைப்புகளை மாற்றும் செமேனேஜ் கட்டளைக்குப் பாலிசிகோர்யூட்டில்ஸ்-பைத்தான்-யூட்டில்ஸ், பாலிசியில் விதி தேடும் எஸ்இசர்ச்சுக்கு செட்டூல்ஸ்-கன்சோல், கையேட்டுப் பக்கங்களுக்கு செலினக்ஸ்-பாலிசி-டாக். குறைந்தபட்ச நிறுவலில் இவை இல்லாமல் போகலாம். கையேட்டில் ஸ்பாம்டி_செலினக்ஸ் என்ற பக்கம் உண்டு. அது மனிதர் எழுதியதல்ல, பாலிசியிலிருந்து தானாக உருவாக்கியது. வகைகளின் பட்டியலும் பாதைகளும் துல்லியமாக இருக்கும்; எப்போது எதைத் திருப்ப வேண்டும் என்ற விளக்கம் மட்டும் இருக்காது. அகராதியாக வைத்துக்கொள்ளலாம், வழிகாட்டியாக நம்ப முடியாது.

மூன்று பூலியன்கள், மூன்று குழப்பங்கள்

கெட்செபூல் கட்டளைக்கு -ஏ கொடுத்து, வருவதில் ஸ்பாம் என்று தேடினால் மூன்று பெயர்கள் தெரியும்.

ஸ்பாம்டி_எனேபிள்_ஹோம்_டிர்ஸ்: டீமன் பயனர்களின் வீட்டு அடைவுக்குள் படிக்கவும் எழுதவும் அனுமதி. இயல்பாகவே ஆன். ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி பேய்ஸ் தரவு, தனி விருப்பக் கோப்பு என்ற அமைப்புக்கு இது வேண்டும். ஆனால் சர்வர் முழுவதற்கும் ஒரே பேய்ஸ் தரவுத்தளம் வைத்திருப்பவர்களுக்கு இது தேவையே இல்லாத திறந்த கதவு. செட்செபூலுக்குப் பெரிய பி (பெர்சிஸ்டன்ட்) கொடுத்து இதை ஆஃப் செய்துவிட்டு, ஸ்பாம்டியின் தொடக்க விருப்பங்களிலும் -எக்ஸ் சேர்த்துவிட்டால், டீமன் யாருடைய வீட்டையும் எட்டிப் பார்க்காது. இந்தப் பாலிசியில் ஒரே வரியில் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் இதுதான். ஏனோ பலரும் இதைத் தொடுவதே இல்லை. பெரிய பி-யை விட்டுவிட்டால் அடுத்த முறை சர்வர் மறுதொடக்கம் ஆகும்போது மாற்றம் காணாமல் போகும் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

ஸ்பாம்அசாசின்_கேன்_நெட்வொர்க்: பெயரைப் பார்த்தால் வடிகட்டி வலையைத் தொடலாமா என்று கேட்பது போலிருக்கும். டிஎன்எஸ் கறுப்புப் பட்டியல்கள் (ஸ்பாம் அனுப்பும் முகவரிகளின் பட்டியல்) வேலை செய்யவில்லை என்றதும் எல்லோரும் முதலில் இதைத்தான் ஆன் செய்கிறார்கள். ஒன்றும் மாறாது. இது பயனர் தன் கையால் ஓட்டும் ஸ்பாம்அசாசின் கிளையன்ட்டுக்கான அனுமதி. டீமனுக்கு இதோடு சம்பந்தமில்லை. டீமனின் டிஎன்எஸ் கேள்விகளைப் பாலிசி ஏற்கெனவே அனுமதிக்கிறது. கறுப்புப் பட்டியல் மதிப்பெண் வரவில்லையென்றால் முதலில் ஃபயர்வாலையும், சர்வர் எந்த டிஎன்எஸ் ரிசால்வரைக் கேட்கிறது என்பதையும் பாருங்கள். பொதுப் பயன்பாட்டு ரிசால்வர்கள் வழியாக வரும் கேள்விகளைக் கறுப்புப் பட்டியல் நடத்துபவர்கள் பலர் மறுத்துவிடுவார்கள். எஸ்இலினக்ஸின் தலையில் விழும் பழிகளில் இது அடிக்கடி வருவது.

ஸ்பாம்டி_அப்டேட்_கேன்_நெட்வொர்க்: எஸ்ஏ-அப்டேட் எந்தப் போர்ட்டுக்கும் போகலாம் என்ற அனுமதி. வழக்கமான வலைப் போர்ட்டில் விதிகளை இறக்குகிறவர்களுக்கு இது வேண்டாம். விசித்திரமான போர்ட்டில் காது வைத்திருக்கும் ப்ராக்ஸி வழியாகப் போக வேண்டியிருந்தால் தேவைப்படலாம். இன்னொன்று: எஸ்ஏ-அப்டேட் 1 என்ற வெளியேறும் எண்ணைத் தந்தால் அது பிழையல்ல, புதிதாக எதுவும் இல்லை என்று பொருள். 0 என்றால் புதிய விதிகள் இறங்கின. 4-உம் அதற்கு மேலும் என்றால் இறக்குவதில் கோளாறு; 2, 3 வந்தாலும் கவனிக்க வேண்டும். டைமர் வேலை "தோல்வி" என்று காட்டுகிறதே என்று நள்ளிரவில் ஆடிட் லாக்கை (எஸ்இலினக்ஸ் மறுப்புகள் பதிவாகும் இடம்) தோண்டும் முன் அந்த எண்ணைப் பார்த்துவிடலாம்.

தோல்வி சத்தம் போடாது

இந்த அமைப்பில் உண்மையிலேயே எரிச்சல் தரும் விஷயம் ஒன்று உண்டு. அதற்கும் பாலிசி பொறுப்பல்ல. ஸ்பாம்சியால் டீமனைத் தொடர்புகொள்ள முடியவில்லையென்றால், அது அஞ்சலைத் தொடாமல் அப்படியே கடத்திவிடும். அதன் இயல்பான நடத்தையே அப்படித்தான். அதாவது எஸ்இலினக்ஸ் ஓர் இணைப்பை மறுத்தால் அஞ்சல் நிற்காது, வடிகட்டல் மட்டும் நின்றுபோகும். பயனர்கள் "இன்றைக்கு ஏன் இவ்வளவு குப்பை" என்று கேட்கத் தொடங்கும்போதுதான் தெரியவரும்.

எனவே எதை மாற்றினாலும் ஒரு சோதனை அஞ்சலின் தலைப்பை வாசிப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். எக்ஸ்-ஸ்பாம்-செக்கர்-வெர்ஷன் என்ற தலைப்பு வரியே இல்லையென்றால் அஞ்சல் டீமனை எட்டவே இல்லை: சாக்கெட், போர்ட், ஸ்பாம்சி பக்கம் போய்த் தேடுங்கள். அந்த வரி இருந்து, எக்ஸ்-ஸ்பாம்-ஸ்டேட்டஸில் பேய்ஸ் என்று தொடங்கும் சோதனை எதுவும் இல்லையென்றால், டீமன் ஓடுகிறது, பேய்ஸ் தரவைத்தான் தொட முடியவில்லை. அதே வரியின் கடைசியில் ஆட்டோலேர்ன் என்பதற்கு நேரே "ஃபெயில்டு" அல்லது "அன்அவெய்லபிள்" என்று இருந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். ஆனால் பேய்ஸ் வேலை செய்யவே குறைந்தது 200 ஸ்பாம், 200 நல்ல அஞ்சல் கற்றிருக்க வேண்டும். புத்தம் புது சர்வரில் பேய்ஸ் காணவில்லை என்று பதற வேண்டாம்.

ஜிடியூப் சோதனைச் சரத்தை அஞ்சல் உடலில் போட்டு அனுப்பினால் 1000 புள்ளி ஏறும். வாசல் மதிப்பு இயல்பாக 5 என்பதால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் அது டீமன் ஓடுகிறதா என்பதை மட்டுமே சொல்லும். பேய்ஸ் செத்திருந்தாலும் ஜிடியூப் பிடிபடும். இதை வைத்து "எல்லாம் சரி" என்று முடிவு கட்டுவது தப்பு.

அதைவிடப் பெரிய ஏமாற்று, கையால் ஓட்டிப் பார்ப்பது. ரூட் ஷெல்லில் இருந்துகொண்டு ஸ்பாம்டியைத் தட்டிவிட்டால் அது ஸ்பாம்டி_டி டொமைனுக்குள் நுழையாது, ஷெல்லின் கட்டற்ற டொமைனிலேயே ஓடும். எல்லாக் கோப்பும் திறக்கும், எல்லாம் ஜோராக நடக்கும். சிஸ்டம்சிடிஎல் வழியாக சர்வீசாகத் தொடங்கியதும் படுத்துவிடும். "கையால் ஓட்டினால் ஓடுகிறது, சர்வீசாக ஓடவில்லை" என்ற பிரபலமான புலம்பலின் பின்கதை இவ்வளவுதான். பிஎஸ் கட்டளைக்கு -ஈ, பெரிய இசட் இரண்டையும் கொடுத்து, ஸ்பாம்டி வரியில் ஸ்பாம்டி_டி என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும்.

ஒரு மறுப்பு வரியை வாசிப்பது எப்படி

ஏயூசர்ச் கட்டளையில் செய்தி வகை ஏவிசி (எஸ்இலினக்ஸின் மறுப்புச் செய்தி) என்றும், நேரம் ரீசென்ட் என்றும் கொடுத்தால் கடைசிப் பத்து நிமிடத்தில் விழுந்த மறுப்புகள் வரும். ஒரு வரியில் கண் போக வேண்டிய இடங்கள் நாலு. வளைவு அடைப்புக்குள் இருப்பது கேட்ட செயல்: ரீட், ரைட், நேம்_கனெக்ட் மாதிரி. எஸ்கான்டெக்ஸ்ட் கேட்டவர் யார் என்று சொல்லும். டிகான்டெக்ஸ்ட் எதைத் தொடப் பார்த்தார் என்று சொல்லும். டிகிளாஸ் அது கோப்பா, அடைவா, சாக்கெட்டா என்று சொல்லும்.

நோயைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் டிகான்டெக்ஸ்ட்தான். பேய்ஸ்_டோக்ஸ் கோப்பில் எழுத மறுப்பு வந்து, அங்கே அட்மின்_ஹோம்_டி என்று இருந்தால், யாரோ அந்தக் கோப்பை ரூட்டின் வீட்டு அடைவில் தயாரித்து எம்வி கட்டளையால் நகர்த்தியிருக்கிறார்கள். எம்வி பழைய லேபிளோடு தூக்கிக்கொண்டு வரும். சிபி போகிற இடத்தின் லேபிளை எடுத்துக்கொள்ளும். பழைய சர்வரிலிருந்து பேய்ஸ் தரவைக் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் இந்தச் சிக்கல் எட்டிப் பார்க்கும். மருந்து ஒரே வரி: /வார்/லிப்/ஸ்பாம்அசாசின் மீது ரெஸ்டோர்கானை (பாலிசி சொல்லும் லேபிளைத் திரும்ப ஒட்டும் கட்டளை), பெரிய ஆர், சின்ன வி கொடுத்து ஓட்டுவது. எதை எதாக மாற்றியது என்று அதுவே வரி வரியாகச் சொல்லிவிடும்.

டிஃபால்ட்_டி என்று இருந்தால், வேர் அடைவின் கீழ் புதிதாக உண்டாக்கிய ஏதோ ஓர் அடைவு. பாலிசிக்கு அதைத் தெரியாது. அன்லேபிள்டு_டி என்றால் புதிதாக ஃபார்மேட் செய்து மவுன்ட் செய்த வட்டு, அல்லது எஸ்இலினக்ஸை முழுவதும் அணைத்து வைத்திருந்த காலத்தில் பிறந்த கோப்பு. டிஎம்பி_டி என்றால் யாரோ தற்காலிக அடைவில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

கேட்ட செயல் டேக்_ஓவர்ரைடு அல்லது டேக்_ரீட்_சர்ச் என்று இருந்தால் கதை வேறு. அங்கே லேபிளில் தப்பில்லை. கோப்பின் சாதாரண உரிமையாளர், அனுமதி எண் ஆகியவை சரியில்லை. ரூட்டாக ஓடும் ப்ராசஸ் அந்தத் தடையைத் தாண்டிப் பார்க்க முனைந்து பிடிபட்டிருக்கிறது. இதற்கு எஸ்இலினக்ஸில் விதி சேர்ப்பது, கதவுக்குச் சாவி கேட்டவனுக்குச் சுவரை இடித்துக் கொடுப்பது மாதிரி. உரிமையாளரை மாற்றிவிட்டால் மறுப்பு தானாகவே ஓயும்.

மறுப்பு வரியே இல்லாமல் வேலை நிற்பதும் உண்டு. முதல் காரணம்: சாதாரண அனுமதிகள்தான் முதலில் சோதிக்கப்படும், அங்கேயே மறுத்துவிட்டால் எஸ்இலினக்ஸ் வரை விஷயம் போகாது, ஆடிட் லாக்கிலும் ஏறாது. மெயில் லாக்கில் "ஃபாலிங் பேக் டு நோபடி" என்று முடியும் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். ஸ்பாம்சியை ரூட்டாகக் கூப்பிட்டால், ஸ்பாம்டி ரூட்டாக வேலை செய்ய மறுத்து நோபடி என்ற பயனராக இறங்கிவிடும். நோபடிக்கு வீடும் இல்லை, பேய்ஸ் கோப்பைத் திறக்கும் உரிமையும் இல்லை. இரண்டாவது காரணம்: சில மறுப்புகளைப் பாலிசியே லாக்கில் எழுத வேண்டாம் என்று அடக்கி வைத்திருக்கும். பாலிசி மாட்யூல்களைக் கையாளும் செமாட்யூலுக்குப் பெரிய டி (டிசேபிள்_டோன்ட்ஆடிட்), பெரிய பி (பில்ட்) இரண்டும் கொடுத்தால் அந்த அடக்கல் நீங்கும்; பார்த்து முடித்ததும் பெரிய பி மட்டும் கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மறந்தால் ஆடிட் லாக் வீங்கும்.

தரவை வேறு வட்டுக்குக் கொண்டுபோவது

பேய்ஸ் தரவு பெருத்து, தனி வட்டு வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழி மூன்று.

புதிய வட்டை /வார்/லிப்/ஸ்பாம்அசாசின் மீதே மவுன்ட் செய்வதுதான் மிகவும் சுத்தம். பாதை மாறாததால் பாலிசிக்கும் ஸ்பாம்அசாசின் அமைப்புக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் புதிய கோப்பு முறைமையின் வேர் லேபிளே இல்லாமல் வரும். மவுன்ட் செய்த பிறகு ஒருமுறை ரெஸ்டோர்கான் ஓட்டியே ஆக வேண்டும். மவுன்ட் செய்யும் முன்பு ஓட்டினால் அடியில் இருக்கும் பழைய அடைவுக்குத்தான் லேபிள் போகும்.

பாதையை மாற்றியே தீர வேண்டுமென்றால், செமேனேஜின் எஃப்கான்டெக்ஸ்ட் பிரிவில் -ஏ -ஈ கொடுத்து, புதிய பாதையை /வார்/லிப்/ஸ்பாம்அசாசினுக்குச் சமம் என்று அறிவித்துவிடலாம். பிறகு புதிய பாதையில் ரெஸ்டோர்கான். பலர் இதைச் செய்யாமல், -டி (டைப்) கொடுத்து ஸ்பாம்டி_வார்_லிப்_டி என்ற ஒரே லேபிளை அடைவு முழுவதற்கும் ஒட்டிவிடுகிறார்கள். மூன்றாவது வழி அது. பேய்ஸ் மட்டும் இருந்தால் பரவாயில்லை. விதிகளும் அங்கே இருந்தால் கம்பைல்டு துணை அடைவின் தனி லேபிள் அழிந்துபோகும். சமம் என்று அறிவித்தால் துணை அடைவுகளின் வேறுபாடும் கூடவே வந்துவிடும். சிகான் கட்டளையால் லேபிள் மாற்றுவது சோதனைக்கு மட்டும்: அடுத்த முறை யாராவது ரெஸ்டோர்கான் ஓட்டினால் அழிந்துவிடும், அன்றைக்குக் காரணம் கண்டுபிடிக்க யாருக்கும் நினைவிருக்காது.

கம்பைல்டு அடைவின் கதை இது. எஸ்ஏ-கம்பைல் விதிகளை சி நிரலாக மாற்றிப் பகிர் நூலகக் கோப்புகளாக அங்கே வைக்கிறது. டீமன் அவற்றைப் படித்தால் மட்டும் போதாது, நினைவகத்தில் ஏற்றி இயக்கவும் வேண்டும். சாதாரண தரவுக் கோப்பை இயக்கும் உரிமையை ஸ்பாம்டி_டிக்குக் கொடுத்தால் பூட்டுக்கே அர்த்தம் போய்விடும் என்பதால்தான் தனி லேபிள். அந்த அடைவு முதன்முறை உருவாகும்போது தாய் அடைவின் லேபிளை வாங்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு; எனவே முதல் கம்பைலுக்குப் பிறகு ரெஸ்டோர்கான் ஒருமுறை. லேபிள் தப்பினால் சர்வர் நிற்காது. கம்பைல் செய்த விதிகள் ஏறாமல், வழக்கமான பெர்ல் விதிகளே மெதுவாக ஓடும். பெர்ல் பதிப்பு உயர்ந்தாலும் இதே அறிகுறிதான், ஏனென்றால் அந்த அடைவுப் பாதையிலேயே பெர்ல் பதிப்பு எண் இருக்கிறது. திரும்பக் கம்பைல் செய்தால் சரியாகும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, முதலில் ஏவிசி வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

கணினிக் கணக்கே இல்லாத மெய்நிகர் அஞ்சல் பயனர்களுக்கு, ஸ்பாம்டியின் வர்ச்சுவல்-கான்ஃபிக்-டிர் விருப்பத்தில் பயனர் அமைப்புகளை அஞ்சல் பெட்டிகளுக்குள்ளேயே வைக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. எஸ்இலினக்ஸ் கோணத்தில் அது தலைவலி: அஞ்சல் பெட்டிக்கு ஒரு லேபிள், அதற்குள் வடிகட்டியின் தரவுக்கு இன்னொரு லேபிள், நடுவில் புதுப் பயனர் சேரும்போதெல்லாம் தப்பு லேபிள். அமைப்புகளை /வார்/லிப்/ஸ்பாம்அசாசினுக்குக் கீழே, அஞ்சல் டொமைன் வாரியாக, பயனர் வாரியாகத் தனி மரமாக வைத்துவிட்டால் புதிய கோப்புகள் தாமாகவே சரியான லேபிளை வாங்கிக்கொள்ளும்.

போர்ட்டும் சாக்கெட்டும்

போர்ட்டை மாற்றினால் செமேனேஜின் போர்ட் பிரிவில் -ஏ, வகை ஸ்பாம்டி_போர்ட்_டி, நெறிமுறை டிசிபி, பிறகு எண். அந்த எண் வேறு வகைக்கு ஏற்கெனவே பதிவாகியிருந்தால் மறுக்கும், அப்போது -எம். ஆனால் -எம் போடும் முன் அந்த எண் யாருடையது என்று பட்டியலில் பார்த்துவிடுங்கள். 10024, 10025 இரண்டும் அமாவிஸுக்கு ஒதுக்கியவை. அங்கே கைவைத்தால் இன்னொரு சர்வீஸ் சாய்ந்துவிடும். எல்லாம் ஒரே சர்வரில் இருந்தால் யூனிக்ஸ் சாக்கெட் இன்னும் நல்லது. சாக்கெட் கோப்பு /ரன் அடைவுக்குக் கீழ் இருக்கட்டும். அது நினைவகத்தில் இருக்கும் அடைவு என்பதால், துணை அடைவை ஒவ்வொரு தொடக்கத்திலும் சிஸ்டம்டியே உருவாக்கும்படி அமைக்க வேண்டும்.

பேய்ஸை ரெடிஸ் என்ற தரவுத்தளத்தில் வைப்பவர்கள் (3.4.0 முதல் இந்த வசதி உண்டு) முதலில் பாலிசியிடமே கேட்டுவிடலாம். எஸ்இசர்ச்சில் மூலம் ஸ்பாம்டி_டி, இலக்கு ரெடிஸ்_போர்ட்_டி, வகுப்பு டிசிபி_சாக்கெட், செயல் நேம்_கனெக்ட் என்று கொடுங்கள். விதி வந்தால் அனுமதி உண்டு. ஒன்றும் வராவிட்டால் தனி மாட்யூல் எழுத வேண்டும். முயன்று பார்த்து உடைவதைவிட இது விரைவு. ரேசர், பைசார் போன்ற துணைச் சேவைகளுக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

ஆடிட்2அலவ் என்னும் குறுக்குவழி

மறுப்புகளைக் குழாய் வழியாகக் கொடுத்தால் விதிகளை எழுதித் தரும் இந்தக் கருவி நல்லதுதான், அது சொல்வதை வாசிக்கிறவர்களுக்கு. சில சமயம் விதிக்கு மேலே ஒரு குறிப்பு வரும்: இதை இந்தப் பூலியனால் அனுமதிக்கலாம் என்று. அந்த வரியைப் படிக்காமல் மாட்யூலாகக் கட்டி ஏற்றுகிறவர்கள் ஏராளம். ஸ்பாம்டி_டிக்கு டிஃபால்ட்_டி கோப்புகளில் எழுதும் உரிமை தரும் ஒரு விதியை அது தயங்காமல் எழுதித் தரும். அதை ஏற்றினால், லேபிள் தெரியாத எல்லா அடைவும் வடிகட்டிக்குத் திறந்துவிடும். அங்கே தேவைப்பட்டது பாதையை எஃப்கான்டெக்ஸ்டில் அறிவித்து ஒரு ரெஸ்டோர்கான் ஓட்டுவது மட்டும்தான்.

விதியில் இலக்காக டிஃபால்ட்_டி, அன்லேபிள்டு_டி, டிஎம்பி_டி, யூசர்_ஹோம்_டி, அட்மின்_ஹோம்_டி எது வந்தாலும் நிறுத்திக்கொள்ளுங்கள். அது லேபிள் கோளாறு. செயலாக டேக்_ஓவர்ரைடு வந்தால் உரிமையாளர் கோளாறு. எக்ஸெக்மெம் (நினைவகத்தில் எழுதியதை இயக்கும் உரிமை) வந்தால் எந்தப் பிளகின் அதைக் கேட்கிறது என்று தெரியாமல் கொடுக்கக் கூடாது. இவையெல்லாம் கழித்தபின் எஞ்சுவது, ரெடிஸ் இணைப்பு மாதிரி, உண்மையிலேயே தனி விதி வேண்டியது. அது பொதுவாக ஒன்றிரண்டு வரிக்கு மேல் போகாது.

புதிய அமைப்பைப் பரிசோதிக்கும்போது செட்என்ஃபோர்ஸ் 0 போட்டு மொத்த சர்வரையும் திறந்துவிட வேண்டாம். செமேனேஜின் பெர்மிசிவ் பிரிவில் -ஏ ஸ்பாம்டி_டி என்று கொடுத்தால் அந்த ஒரு டொமைன் மட்டும் தடுக்கப்படாமல் லாக்கில் மட்டும் ஏறும்; அஞ்சல் சர்வரின் மற்ற பகுதிகள் பூட்டோடு இருக்கும். ஒரு வாரம் அப்படி ஓடட்டும். எஸ்ஏ-அப்டேட், பேய்ஸ் காலாவதித் துப்புரவு போன்ற அபூர்வ வேலைகளும் ஒரு சுற்று வந்துபோக வேண்டும். ஸ்பாம்டி_அப்டேட்_டி தனி டொமைன் என்பதால் அதை இந்த விலக்கு தொடாது. வேண்டுமென்றால் அதையும் தனியாகச் சேருங்கள். முடிந்ததும் -டி (டிலீட்) கொடுத்து நீக்க மறக்காதீர்கள்: இந்த விலக்கு மறுதொடக்கத்திலும் போகாது.

யாருக்கு இது பொருந்தாது

ஸ்பாம்அசாசினைக் கன்டெய்னரில் ஓட்டுகிறவர்களுக்கு மேலே சொன்ன டொமைன்கள் எதுவும் பொருந்தாது. அங்கே ப்ராசஸ் கன்டெய்னர்_டி டொமைனில் ஓடும். வால்யூமை இணைக்கும்போது பெரிய இசட் கொடுத்து லேபிள் மாற்றுவதே பெரும்பாலும் போதும். வேறு வடிகட்டி நிரல்களைப் பயன்படுத்துவோர் பிஎஸ் வரியை முதலில் பார்க்கட்டும்: அன்கன்ஃபைண்டு_சர்வீஸ்_டி என்று இருந்தால் எஸ்இலினக்ஸ் என்ஃபோர்சிங்கில் இருந்தும் அந்த நிரலுக்கு எந்தப் பூட்டும் இல்லை. உபுன்டு போன்ற ஆப்ஆர்மர் சர்வர்களில் அணுகுமுறையே வேறு. அங்கே லேபிள் கிடையாது, பாதைதான் எல்லாம். கோப்பை நகர்த்தினால் ப்ரொஃபைலில் ஒரு வரியைத் திருத்தினால் முடிந்தது. எளிமைக்கு அது ஜெயிக்கும். ஆனால் அப்டேட்டர், கிளையன்ட், டீமன், கம்பைல் செய்த விதி என்று இத்தனை நுணுக்கமாகப் பிரித்த ஆயத்தப் பாலிசி கையோடு கிடைப்பது எஸ்இலினக்ஸ் பக்கத்தில்தான்.

கடைசியாக ஒரு பராமரிப்பு வேலை. செமாட்யூலுக்கு -எல்ஃபுல் கொடுத்துப் பட்டியல் எடுத்தால், வினியோகத்தோடு வந்தவை 100 என்ற முன்னுரிமையிலும், நாம் ஏற்றியவை 400-இலும் தெரியும். பாலிசி பொட்டலம் புதுப்பிக்கப்பட்ட பிறகு அந்த 400-களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நேற்றுத் தேவைப்பட்ட விதி இன்றைய பாலிசியில் ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம், அப்படியென்றால் நீக்கிவிடலாம். பூலியன், போர்ட், பாதை மாற்றங்களைச் செமேனேஜ் எக்ஸ்போர்ட் ஒரே கோப்பில் எழுதித் தரும். புதிய சர்வரில் இம்போர்ட் செய்து, ரெஸ்டோர்கான் ஓட்டி, அதற்குப் பிறகே பேய்ஸ் தரவைக் கொண்டுவர வேண்டும், எம்வியால் அல்ல, சிபியால்.